மங்களம் டப்பாவில் துப்பவில்லை

ஆவடி பக்கத்துக் கோவில்பதாகையில் மங்களத்தைப் பற்றி யாரை விசாரித்தாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். வாய் அதிகம், நடத்தை நெருப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் காலம் பூராவும் வேலை பார்த்தவள். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருத்தன் பெண்களின் தோளில் கை வைத்துப் பேசுகிற ரகம். மங்களத்தின் தோளிலும் வைத்தான். ஒரு தட்டு போல்ட்டை அவன் காலில் கவிழ்த்தாள். மறுநாள் அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள், அவன்தான் வரவில்லை.

அப்பேர்ப்பட்டவளை ஐம்பத்தெட்டு வயதில் நடத்தை கெட்டவள் என்று சொல்வதற்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியும், அவள் பெற்ற பிள்ளையும், கூடப்பிறந்த அக்காவும் ஒன்றுசேர வேண்டியிருந்தது.

மங்களமும் அக்கா பொன்னியம்மாவும் ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டவர்கள். அண்ணன் துலுக்கானத்துக்கு அக்கா, தம்பி தங்கராஜுக்குத் தங்கை. ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம், பத்திரிகைகூட ஒன்றுதான். மாமனார் கட்டிய வீட்டை நடுவில் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். கொல்லையும் துவைக்கிற கல்லும் தண்ணீர் மோட்டாரும் பொது. அக்காவுக்குத் திருமுருகன், தங்கைக்குச் சரவணக்குமார். சரவணனுக்கு நினைவு தெரிவதற்குள் தங்கராஜ் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அதன்பிறகு அவனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதும், ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டதும் பெரியப்பா துலுக்கானம்தான். சைக்கிளின் முன்பாரில் சொந்தப் பிள்ளை, பின் கேரியரில் தம்பி பிள்ளை. தெருவே அதைப் பார்த்து மெச்சியது.

சரவணன் படித்தான், ஐடி வேலைக்குப் போனான், ஸ்வாதியைக் கட்டினான், வானகரத்தில் ஃபிளாட் வாங்கினான். எல்லாம் கிடைத்தபிறகு ஐயாவுக்குப் பூர்வீகம் தெரியவேண்டும் என்ற ஆசை வந்தது. ஆபீசில் எவனோ டிஎன்ஏ பரிசோதனை செய்து, தன் முன்னோர்கள் எங்கெங்கிருந்து வந்தார்கள் என்று கலர் கலராக மேப் காட்டினானாம். தாத்தா நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று இவர்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அதை உறுதிசெய்ய இரண்டு டப்பா வரவழைத்தான், தனக்கு ஒன்று, அண்ணன் திருமுருகனுக்கு ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மங்களம் வைத்த வஞ்சிரம் குழம்பு ஆறிக்கொண்டிருக்க, இந்த இரண்டு தடிமாடுகளும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து டப்பாவில் எச்சில் துப்பின. நெல்லூரா இல்லையா என்று சொல்ல எச்சில் எதற்கடா என்று மங்களம் கேட்டாள். உனக்குப் புரியாதும்மா என்றான் மகன்.

வந்த முடிவில் நெல்லூரைப் பற்றி உருப்படியாக ஒன்றும் இல்லை. தென்னிந்தியா என்று போட்டிருந்தது. அதைத் தெரிந்துகொள்ள ஆவடி ஸ்டேஷனில் கண்ணாடி பார்த்தாலே போதும். ஆனால் உறவுக்காரர்கள் என்ற இடத்தில், திருமுருகன் பெயருக்கு நேராக ‘ஹாஃப் பிரதர்’ என்று இருந்தது. பெற்றவர்களில் ஒருத்தர் பொது, இன்னொருத்தர் வேறு என்று அர்த்தம். தாய் வேறு வேறு என்பதில் சந்தேகமில்லை, இரண்டு பிரசவத்தையும் ஊரே பார்த்திருக்கிறது. அப்படியானால் பொதுவாக இருப்பது தகப்பன். அது சைக்கிளில் கொண்டுபோய் விட்ட பெரியப்பாதான் என்று சரவணன் கணக்குப் போட்டு, செல்போனைக் கவிழ்த்து வைத்தான். திருமுருகனுக்கு அந்த நாசூக்கும் கிடையாது. நேராகப் போய் அம்மாவிடம் செல்போனை நீட்டினான்.

மறுநாள் காலையில் பொன்னியம்மா கொல்லைக்கு வந்தாள். மங்களம் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, ஒலகத்துல ஒனக்கு வேற ஆம்பளையே கெடைக்கலியா? என் ஊட்டுக்காரன்தான் கெடச்சானா?"

அக்கா ஏதோ விளையாடுகிறாள் என்றுதான் மங்களம் முதலில் நினைத்தாள். பொன்னியம்மா விளக்கமாகவே சொன்னாள், அடுத்த தெருவுக்கும் கேட்கும்படி சொன்னாள். தங்கராஜ் உயிரோடு இருக்கும்போதே அவர் தலையில் மிளகாய் அரைத்தவள் என்றாள். அதற்குமேல் மங்களம் வாய் திறந்ததையும் அக்கா திருப்பிக் கொடுத்ததையும் இங்கே எழுத முடியாது. ஈரப்புடவை ஒன்று பொன்னியம்மாவின் முகத்தில் போய் விழுந்தது மட்டும் நிஜம்.

ஈரக் கையோடு மங்களம் அக்கா வீட்டுக்குள் போனாள். துலுக்கானம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். உண்மை தெரிந்த இரண்டாவது ஆள் அவர்தானே.

"நீங்களாச்சும் சொல்லுங்க மாமா."

அவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் இன்னாம்மா சொல்றது. மெஷினே சொல்லுதுன்றாங்களே."

செய்யாத காரியத்தைச் செய்யவில்லை என்று சொல்லக்கூட வக்கில்லாத மனுஷன். பெண்டாட்டி கத்துவாளே என்ற பயத்தில், தம்பி பெண்டாட்டி மானத்தைத் தெருவில் விட்டுவிட்டு விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தார். மங்களம் அன்றைக்கு அழுதாள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை, அன்றைக்கும் பார்க்கவில்லை.

மகன் வருவான், வந்து அக்காவை நாலு கேள்வி கேட்பான் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள். வந்தான், அந்தச் சனிக்கிழமை, கையில் மூன்றாவது டப்பாவோடு. அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

"அம்மா, எனக்கு உண்மை தெரிஞ்சா போதும். நான் உன்ன தப்பா நெனைக்க மாட்டேன்."

அக்கா கத்தியதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. தப்பாக நினைக்கமாட்டேன் என்று சொல்லும்போதே நினைத்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் டப்பாவை மேசைமேல் வைத்தான். அவளும் துப்பிக்கொடுத்தால் எல்லாம் தெளிவாகிவிடும் என்றான்.

"எனக்குத் துப்ப வரும்டா," என்றாள் மங்களம். "டப்பாலதான் துப்பணுமா?"

அவன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஒரு தோளைச் சாய்த்துத் தெருவில் நடந்துபோனான். தங்கராஜ் அப்படித்தான் நடப்பார். கூப்பிட்டு அதைச் சொல்லக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

ஸ்வாதிக்கு மட்டும் இந்தக் கணக்கு செரிக்கவில்லை. என் மாமியார் கடித்துக் குதறுவாளே தவிர ஒளித்துச் செய்யமாட்டாள் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, அந்தக் கம்பெனிக்கே எழுதிக் கேட்டாள். பதில் சுருக்கமாக வந்தது. இரண்டு பேருடைய பெற்றோர்களும் ஒருவருக்கொருவர் சொந்தமா என்று கேட்டிருந்தார்கள். அண்ணன் தம்பி அக்கா தங்கையைக் கட்டியிருந்தால், பிள்ளைகளுக்கு அப்பா வழியிலும் சொந்தம், அம்மா வழியிலும் சொந்தம். இரண்டும் சேர்ந்து ‘ஹாஃப் பிரதர்’ அளவுக்கு வந்து நிற்கும், அதில் போட்டிருப்பது வெறும் ஊகம்தான் என்று விளக்கியிருந்தார்கள். ஸ்வாதி அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். கல்யாணப் பத்திரிகை படிக்கத் தெரிந்த யாருக்கும் புரிகிற விஷயம். மாதாமாதம் சம்பளம் வாங்குகிற மூளைக்கு எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை படையோடு வந்தார்கள். முன்னால் சரவணனும் ஸ்வாதியும், பின்னால் ஆப்பிள் பையோடு திருமுருகன், அவனுக்குப் பின்னால் பொன்னியம்மா, எல்லோருக்கும் பின்னால் துலுக்கானம். சரவணன் காலைத் தொடக் குனிந்தான். மங்களம் காலை இழுத்துக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர் பண்ண தப்புடி," என்றாள் பொன்னியம்மா. "வுட்டுடு."

"கம்ப்யூட்டர் இன்னா தப்பு பண்ணிச்சு? புள்ளைங்க ரெண்டும் ரொம்ப நெருங்கின சொந்தம்னு சொல்லிச்சு. அது நெசந்தான். மீதிய சொன்னது நீ."

பொன்னியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு வாயைவிட்டாள். "நான் இன்னாடி பண்றது. இவரு உன் புள்ளைய சைக்கிள்ல இட்டுக்கினு போவாரே, அப்பத்துலேர்ந்தே எனக்கு மனசு ஒரு மாதிரிதான்."

மங்களம் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷம் கிண்ணம் கிண்ணமாகக் குழம்பு கொடுத்து வாங்கியவள், தங்கைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது பக்கத்தில் படுத்துக் கிடந்தவள், அப்போதெல்லாம் இந்த நினைப்போடுதான் இருந்திருக்கிறாள். மெஷின் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, சாட்சி கிடைத்ததென்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். இதற்கு எந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேட்பது?

ஸ்வாதியை மட்டும் உள்ளே வரச்சொன்னாள். மற்றவர்களைப் போகச்சொன்னாள், ஆப்பிளையும் எடுத்துக்கொண்டு.

அந்த மாதமே கொத்தனாரை வைத்துக் கொல்லையில் குறுக்குச்சுவர் எழுப்பினாள். தனியாக போர் போட்டு மோட்டாரும் வைத்துக்கொண்டாள். சரவணன் ஞாயிறுதோறும் வருகிறான். சோறு போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான்.

போன வாரம் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் மங்களத்திடம் பேச்சுக்கொடுத்தாள். பொன்னியம்மா அப்போதுதான் கேட்டைத் திறந்து வெளியே வந்தாள்.

"அப்படியே உங்க ஜாடையா இருக்காங்களே, யாரு?"

மங்களம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பக்கத்து ஊட்டுக்காரம்மா," என்றாள்.