ஒன்பதாம் கவுன்டர் ஸோய்லா அக்கா

"எடுத்துப் படிங்க."

கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆள் டிக்கெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நகரப் பார்க்கிறார். ஸோய்லா அக்கா அவருடைய மீதிச் சில்லறையை ஒரு விரலால் அழுத்தி வைத்திருக்கிறார். படித்தால்தான் சில்லறை.

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்கும்."

"என்ன இருக்குன்னு நீங்க சொல்லுங்க. நாலாவது ஆட்டமா, மூணு-ஆறா, ரெண்டு டாலரா? கீழ போட்டிருக்கற அந்த வரிசைக் கோட்டைத் தாண்டிட்டா அது உங்க புள்ள. அப்புறம் மூக்கு சரியில்லன்னு திரும்பக் கொண்டாந்து வைக்கப்படாது."

ஆள் படிக்கிறார். பின்னால் வரிசையில் பதினைந்து பேர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பத்தாம் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் நான் அதற்குள் நாலு பேரை அனுப்பிவிடுகிறேன். ஆனாலும் கூட்டம் என்னவோ அக்காவின் கவுன்டருக்குத்தான் போகிறது. திட்டு வாங்கிக்கொண்டு டிக்கெட் வாங்கினால்தான் அதற்குப் பணம் விழும் என்று எங்கள் ஹயாலியா ஊர் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை.

ஹை அலை என்பது சுவரில் பந்தை வீசி ஆடும் பந்தய ஆட்டம்; முதலிடமும் இரண்டாமிடமும் பிடிக்கும் ஜோடிகளின் நம்பரை அதே வரிசையில் கட்ட வேண்டும். எங்கள் அரங்கில் இரண்டு டாலர் டிக்கெட் அடிக்கும் கவுன்டர்கள் பார்வையாளர் படிகளுக்கு அடியில் இருக்கின்றன. அக்காவின் தலைக்கு நேர் மேலே குளிர்காற்றுத் துவாரம். ஃப்ளோரிடாவே வெயிலில் வேகும்போது அவர் மட்டும் கம்பளிச் சட்டையும் கழுத்தில் துண்டுமாக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு ஃப்ளாஸ்க்கில் காப்பி. கழுத்து ஒரு பக்கமாகவே திரும்பும். இடப்பக்கம் பார்க்க வேண்டுமானால் நாற்காலியோடு திரும்புவார்.

ஹை அலையில் யாரும் அரங்கத்து முதலாளியை எதிர்த்துப் பந்தயம் கட்டுவதில்லை. எல்லார் பணமும் ஒரே அண்டாவில் விழுகிறது. அரங்கும் அரசாங்கமும் ஆளுக்கொரு கரண்டி எடுத்துக்கொண்டபின் மிச்சத்தை ஜெயித்தவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆகவே பக்கத்தில் நிற்பவனும் நம் நம்பரையே கட்டிவிட்டால் நம் பங்கு மெலிந்துபோகும். அதனால் வருகிறவர்கள் எல்லாம் கம்பியில் வாயை வைத்து, பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்வதுபோல் நம்பரைச் சொல்வார்கள். அக்கா அதை அரங்கமே கேட்கிற குரலில் திருப்பிச் சொல்வார். "ஏழு-ஒண்ணு. ஏழு முதல், ஒண்ணு ரெண்டாவது. அப்படித்தானே?" கேட்டவர் முகம் செத்துப்போகும். வரிசையில் நாலு பேர் பென்சிலை எடுத்துக் குறித்துக்கொள்வார்கள்.

"கொஞ்சம் மெதுவா சொன்னா என்ன குறைஞ்சிடும்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ரகசியமா சொல்லித்தான் என் தங்கச்சி ஒருத்தனக் கட்டிக்கிட்டா. எங்க எல்லார் காதும் கேக்கச் சொல்லியிருந்தா அவளே திருத்தியிருப்பா" என்றார்.

வீட்டிலும் இதே சட்டம்தான். ராத்திரிக்கு மீனா கோழியா என்று கணவரைக் காலையிலேயே கேட்டு, அவரையே ஒரு தடவை திருப்பிச் சொல்ல வைப்பார். சாயங்காலம் அவர் மனசு மாறினால், அரங்கில் பந்தயம் மூடும்போது சொல்வதுபோல், "மணி அடிச்சாச்சு" என்று மீனை வைத்துவிடுவார். மனுஷன் இருபத்தாறு வருஷமாக அடங்கிச் சாப்பிடுகிறார்.

இதெல்லாம் திமிர் என்று நினைத்தால் தப்பு. எங்கள் மெஷின் அடித்த டிக்கெட்டைத் திரும்ப வாங்காது. விரல் தவறி வேறு நம்பர் விழுந்துவிட்டால், ஆட்டம் தொடங்கும் மணி அடிப்பதற்குள் அதை யார் தலையிலாவது கட்ட வேண்டும். முடியாவிட்டால் அடித்தவர் பெயரில் எழுதிச் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதற்கு எங்களுக்குள் 'விழுங்குவது' என்று பெயர். போன சீசனில் நான் பதினொன்று விழுங்கினேன். இன்னும் ஒரு முப்பது தப்பு டிக்கெட்டாவது என் கையால் அடிபட்டு, என் வாயால் விலைபோயிருக்கும். "இது ஆட்டக்காரனோட மச்சான் இப்பத்தான் கேட்டுட்டுப் போன நம்பர், பணம் எடுத்துட்டு வர்றதுக்குள்ள நீங்க வாங்கிக்கங்க" என்று சொன்னால் போதும், நம் ஆட்கள் அடித்துக்கொண்டு வாங்குவார்கள். போன சீசன்வரை அக்கா பத்தொன்பது வருஷத்தில் ஒன்றுகூட விழுங்கியதில்லை.

போன சீசன் நடுவில் ஐம்பது டாலர் கவுன்டரில் இருந்தவர் ஓய்வு பெற்றார். அந்தக் கவுன்டர் மேல்மாடியில் தனியறை. சாய்வு நாற்காலி, வரிசை கிடையாது, தலைக்கு மேல் துவாரம் கிடையாது. எங்கள் மேலாளர் பர்விஸ், "சீசன் முடியும்போது யார் பேர்ல ஒரு டிக்கெட்கூட இல்லையோ அவங்களுக்கு அந்த நாற்காலி. எல்லார் பேர்லயும் இருந்தா, குலுக்கல்" என்றார். அக்கா மறுநாள் இடைவேளையில் மேல்மாடிக்குப் போய், யாரும் இல்லாத நேரம் பார்த்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வந்தார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. கடைசி நாள்வரை சுத்தமாக இருந்தவர் அவர் ஒருவர்தான். குலுக்கல் வந்தால் என் பெயரும் பெட்டிக்குள் இருக்கும் என்பதால், அவர் விரல் ஒரே ஒரு தடவை வழுக்கட்டும் என்று நான் மாதாவிடம் கேட்டுக்கொண்டதும் உண்மை. எனக்கும் கழுத்து இருக்கிறது.

கடைசி நாள் பகல் ஆட்டங்கள். எட்டாவது ஆட்டத்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது எலாதியோ பெரியவர் வந்தார். வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை. மனைவி ஹெர்மினியா காலமானதிலிருந்து பதினைந்து வருஷமாக ஒரே நம்பர்: ரெண்டு-அஞ்சு. அந்த அம்மாவின் பிறந்தநாள், மே மாதம் இரண்டாம் தேதி. அந்த நம்பர் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் டிக்கெட்டை நாலாகக் கிழித்து, குப்பைத்தொட்டியில் ஒழுங்காகப் போட்டுவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார்.

தொப்பியைப் பார்த்ததுமே அக்காவின் விரல் பொத்தானை அடித்துவிட்டது. பெரியவர் வாயைத் திறந்திருக்கவில்லை.

"எடுத்துப் படிங்க ஐயா."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். "எட்டாவது ஆட்டம். ரெண்டு-அஞ்சு." நிமிர்ந்தார். "நான் இன்னைக்கு அஞ்சு-ரெண்டு கேக்கலாம்னு வந்தேன், மகளே."

அக்காவின் கை மெஷின் மேலேயே நின்றுவிட்டது.

"என் மருமகப்புள்ள சொன்னான்" என்று பெரியவர் விளக்கினார். "இந்த நாட்டுல மாசத்த முதல்ல எழுதி, அப்புறம்தான் தேதியாம். மே ரெண்டுன்னா அஞ்சு-ரெண்டு. பதினஞ்சு வருசமா யாரோ ஒருத்தியோட பிறந்தநாளுக்குக் கட்டிட்டு இருந்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பெரியவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அந்த நாற்காலிக் கதை அரங்கில் யாருக்குத்தான் தெரியாது? டிக்கெட்டை மடித்துப் பையில் வைக்கப் போனார்.

"பரவால்ல. பழகின நம்பர்தானே. இதையே வெச்சுக்கறேன்."

"குடுங்க."

"யாரும் பாக்கல மகளே. நான் கோட்டத் தாண்டிட்டேன்னு வெச்சுக்க."

"தாண்டலையே ஐயா. இங்கதான நிக்கறீங்க." கையை நீட்டி டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, அஞ்சு-ரெண்டு அடித்துக் கொடுத்தார். அதையும் படிக்கச் சொன்னார்.

மணி அடிக்க ஒன்றரை நிமிடம். "அக்கா, ஒரு கதை விடுங்க, வித்துடலாம்" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு அந்த நாற்காலி வேண்டாமென்று இருந்தது. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு வரிசையைப் பார்த்து, "தப்பா அடிச்ச டிக்கெட். ரெண்டு-அஞ்சு. ஒருத்தர் வேண்டாம்னுட்டார். யாருக்கு வேணும்?" என்றார். இப்படி விற்றால் எவன் வாங்குவான்? இன்னொருவன் வேண்டாமென்ற டிக்கெட்டை எங்கள் ஊரில் கையால்கூடத் தொடமாட்டார்கள். நானே வாங்கலாமென்று பர்ஸை எடுத்தேன். "கவுன்டர்ல வேலை செய்யறவங்க டிக்கெட் வாங்கப்படாது, தெரியாதா?" என்று எனக்கும் ஒரு திட்டு விழுந்தது. மணி அடித்தது.

பர்விஸ் விழுங்கியதை எழுதும் தாளோடு வந்தார். "ரெண்டு டாலர் சமாச்சாரம், ஸோய்லா. நான் இந்தப் பக்கமே வரலன்னு வெச்சுக்கலாம்."

"வந்துட்டீங்களே. எழுதுங்க. ஒன்பதாம் கவுன்டர், ஒண்ணு." அக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். குளிர்காற்றால் இருக்கும் என்று நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அப்புறம் எழுந்து, அந்த டிக்கெட்டோடு படியேறி ஆட்டம் பார்க்கப் போனார். விழுங்கிய டிக்கெட் விழுங்கியவருக்குச் சொந்தம். அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் பத்தொன்பது வருஷத்தில் அவர் ஆட்டம் பார்த்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கவுன்டரை அப்படியே விட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

பெரியவர் ஓரத்தில் நின்றிருந்தார். அக்கா போய்ப் பக்கத்தில் நின்றார். எட்டு ஜோடிகள் மாறி மாறி இறங்கினார்கள்; தோற்றவன் பெஞ்சின் கடைசிக்குப் போக, ஜெயித்தவன் நின்றான். முதலில் இருவருக்கும் ஒரே வேண்டுதல்தான்: இரண்டாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும் மேலே வர வேண்டும். இரண்டு ஜெயித்தால் பெரியவர் அக்காவின் தோளைத் தட்டினார். ஐந்து ஜெயித்தால் அக்கா பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த இரு ஜோடிகளுக்கும் ஆளுக்கு ஐந்து புள்ளிகள், மற்றவர்கள் எல்லாம் கீழே என்று ஆனபோது, அந்த இரண்டு ஜோடிகளே எதிரும் புதிருமாக இறங்கினார்கள். முதல் சுற்று முடிந்துவிட்டதால் இனி பந்துக்கு இரண்டு புள்ளி. ஏழு புள்ளியைத் தொட்டவனுக்கு முதலிடம்.

அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. ஒருவர் ஜெயித்தால் மற்றவர் தோற்றார். இருவரும் ஓரடி தள்ளி நின்றார்கள்.

"மன்னிச்சுக்கங்க ஐயா" என்றார் அக்கா.

"நீயும் மன்னிச்சுக்க மகளே" என்றார் பெரியவர்.

பந்து சுவரில் வெடித்தது. "ரெண்டு, ரெண்டு, விட்டுடாதடா தடியா, ரெண்டு" என்று எங்கள் அக்கா கத்திய கத்தலில், அந்தக் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஹெர்மினியாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பதினெட்டு வீச்சு போயிருக்கும். கடைசியில் இரண்டாம் நம்பர்க்காரன் பின்சுவரில் துள்ளிய பந்தை நழுவவிட்டான். அஞ்சு-ரெண்டு.

அக்கா ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அச்சில் போட முடியாது. சொல்லிக்கொண்டே பெரியவர் பக்கம் திரும்பினார். பெரியவர் கண்ணைத் திறந்திருந்தார்; கன்னமெல்லாம் நனைந்திருந்தது. பலகையில் நம்பர் இன்னும் ஏறவில்லை. பதினைந்து வருஷப் பழக்கத்தில் அவருடைய விரல்கள் தாமாகவே டிக்கெட்டைக் கிழிக்கத் தொடங்கியிருந்தன.

அக்கா ஒரே பாய்ச்சலில் அந்த முஷ்டியைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தார். பலகையில் முடிவு உறுதி என்ற சிவப்பு விளக்கு எரியும்வரை விடவே இல்லை.