பெயர்ப்பலகை இல்லாத கம்பெனி

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. கத்திரிக்காய் வாங்கினாலும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். அப்படிப்பட்ட நான்தான் கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் உட்கார்ந்தபடி, நேரில் பார்த்தறியாத ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆறு வருடம் வேலை பார்த்தேன். அவர்கள் புல் வெட்டும் மெஷின் விற்பவர்கள். மெஷின் ஓடவில்லை என்று அந்த நாட்டுக்காரர்கள் மெயில் அனுப்புவார்கள், நான் பதில் எழுதுவேன். அந்த மெஷினை நான் கண்ணால் கண்டதில்லை.

பேருக்கு நான் காண்ட்ராக்ட். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் வேலை போய்விடும். அதனால் கர்ப்பமானதும் வாயைத் திறக்கவில்லை. வீடியோவில் தோளுக்கு மேல்தானே தெரியும்.

மூன்று மாதம் முடிந்த சமயம், அந்த வெளிநாட்டுக் கம்பெனியில் என் மேலதிகாரியாக இருந்த அம்மாள் வீடியோவில் புதுச் செய்தி சொன்னார். நேரம் குறித்து வேலை வாங்கி, லீவுக்கும் அனுமதி கேட்க வைத்துவிட்டு ஒருத்தியைக் காண்ட்ராக்ட் என்று சொல்வது இந்தியச் சட்டப்படி செல்லாது என்று அவர்களுடைய வக்கீல் எச்சரித்தாராம். இந்தியாவில் அவர்களுக்கு ஆபீஸ் கிடையாது. ஆகவே சென்னையில் உள்ள வேறொரு கம்பெனி என்னை ஊழியராகச் சேர்த்துக்கொள்ளும், நான் வழக்கம்போல் புல் மெஷினுக்கே பதில் எழுதலாம் என்றார். பதினெட்டுப் பக்க ஒப்பந்தமும் வந்து சேர்ந்தது.

என் கணவர் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். மேஸ்திரி ஆள் பிடித்துக் காபி எஸ்டேட்டுக்கு அனுப்பும் மலை ஜனங்களைச் சின்னசேலம் ஸ்டேஷனில் கொண்டுவந்து இறக்குவார். கேட்டதுமே அவருக்கு முகம் மாறிவிட்டது.

"இது மேஸ்திரி புடிக்கிற வேல மாதிரிதாம்மா. எஸ்டேட்டுல கை ஒடஞ்சா, ஓனரு மேஸ்திரியக் கேளுன்னுவான். மேஸ்திரி ஓனரக் கேளுன்னுவான். நீ ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னுக்கினு இருப்ப."

எனக்கும் அதுதான் பட்டது. குற்றம் கண்டுபிடிக்கவென்றே ஒப்பந்தத்தைப் படித்தேன். பதினோராம் பக்கத்தில், பேறுகாலத்துக்கு இருபத்தாறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்றிருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நானோ அந்த வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டேன். வேலையே செய்யாதவளுக்கு ஆறு மாதம் சம்பளம் கொடுக்க எவன் வருவான்? அதைவிட, நான் கர்ப்பம் என்று இவர்களுக்கு யார் சொன்னது? ஆஸ்பத்திரி நர்ஸிலிருந்து பால்காரர் வரை எல்லோர் மேலும் சந்தேகப்பட்டேன். எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிற வரி அது என்று தோன்றவே இல்லை.

கணவர் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய் அந்த விலாசத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"போர்டே இல்ல. கண்ணாடி ரூமு, காலி நாற்காலி. ஒரு பொண்ணு தண்ணி குடுத்துட்டு, எல்லாரும் வூட்டுல இருந்தே வேல பாக்கறாங்கன்னுச்சி. இன்னா கம்பெனி இது?"

ஒப்பந்தத்தைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். மேலதிகாரி அம்மாள் வாரந்தோறும் நினைவூட்டினார். வக்கீலிடம் காட்டியிருக்கிறேன், ஊரில் திருவிழா, பிரிண்டர் ரிப்பேர் என்று வாரத்துக்கொரு பொய் சொன்னேன். நான்கு மாதம் இப்படி ஓட்டினேன். கடைசியில், இந்த மாத முடிவுக்குள் கையெழுத்து வராவிட்டால் வேலை இல்லை என்றார்கள். போட்டேன்.

சம்பளம் சொன்ன தேதியில் வந்தது. பி.எஃப். எண்ணும் வந்தது. அதற்கப்புறம்தான் தைரியம் வந்து சென்னைக் கம்பெனிக்குப் போன் செய்தேன். தோழி ஒருத்திக்காகக் கேட்பதாகச் சொல்லி, விடுப்பைப் பற்றி விசாரித்தேன்.

"டெலிவரி தேதிக்கு முன்னாடி பன்னெண்டு மாசத்துல எம்பது நாள் வேல பாத்திருக்கணும் மேடம்" என்றாள் போனை எடுத்த பெண்.

"அதே வேலைய ஆறு வருஷமா பாத்துக்கினு இருக்காங்களே?"

"அது காண்ட்ராக்ட் மேடம். எங்ககிட்ட சேந்த நாள்ல இருந்துதான். எம்பது வரலன்னா சம்பளம் கிடையாது. ஆனா டெலிவரிக்கு அப்புறம் ஆறு வாரம் வேல வாங்கவும் கூடாது."

காலண்டரை எடுத்து எண்ணினேன். பிரசவ நாள் வரை ஒரு நாள் விடாமல் உழைத்தாலும் எண்பதுக்கு ஒன்பது குறைந்தது. வந்த வாரமே கையெழுத்துப் போட்டிருந்தால் தாராளமாகத் தேறியிருக்கும். யாரும் என்னை ஏமாற்றவில்லை. என் கைக்கு வந்ததை நானே தட்டிவிட்டேன். அன்று எனக்கு என்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

"அந்த வெளிநாட்டம்மாகிட்ட சொல்லித்தான் பாரேன். நல்ல மாதிரியாத்தான பேசறாங்க" என்றார் கணவர்.

சொன்னால் ஆறு வாரம் உட்கார வைப்பார்கள், அதற்குள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு பட்டும் புத்தி அப்படித்தான் போயிற்று. மஞ்சள் காமாலை என்று எழுதிக் கொடுத்து இரண்டு வாரம் லீவு எடுத்தேன். பெண் குழந்தை பிறந்தது.

பதினைந்தாம் நாள் கேமரா முன் உட்கார்ந்தேன். பேசிக்கொண்டிருக்கையில் உள்ளே குழந்தை வீறிட்டது. எனக்குப் பால் கசிந்து சுடிதார் நனைந்தது. மேலதிகாரி அம்மாள் முகம் மலர்ந்து, குழந்தையா, யாருடையது என்று கேட்டார்.

பக்கத்து வீட்டுக் குழந்தை என்றேன்.