மூன்று சில்க்கிகள் வந்த பிறகு

காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தால் முதலில் வெளியே வருவது பிரம்மா ஜாதிச் சேவல்தான். அன்று அது வரவில்லை. உள்ளே ஒரு மூலையில் கழுத்து முறுக்கிக்கொண்டு, வாயைத் திறந்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் பச்சைக் கழிச்சல். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு சசெக்ஸ் பெட்டைகள் செத்துக் கிடந்தன.

என்னிடம் குஞ்சு வாங்க வரும் இளம் பிள்ளைகள், எல்லா ஜாதிக் கோழியையும் ஒன்றாக வளர்க்கலாமா என்று கேட்கிறார்கள். வளர்க்கலாம். ஆனால் அந்தக் காலையைப் பற்றித் தெரிந்துகொண்டு வளர்ப்பது நல்லது.

ஒரே வேலிக்குள்

ஜொகூர் பாரு பக்கம் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அதன்பின் சிம்பாங் ரெங்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய என் கணவரின் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்கத் தொடங்கினேன். முதலில் கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி மட்டும். கணவரின் தங்கை ரீத்தா, தன் கணவர் இறந்தபின் சிங்கப்பூர் கேன்டீன் வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருந்தாள். பல ஜாதிகளைச் சேர்த்தது அவள் ஆசை. பிரம்மா, சசெக்ஸ், சில்க்கி, செராமா என்று ஒவ்வொன்றாக வந்தன.

ஒன்றாக மேயவிட்டால் ஒவ்வொன்றின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். பிரம்மா சேவலின் கனத்தை உள்ளங்கை அளவே இருக்கும் செராமா பெட்டை தாங்காது, முதுகு கிழிந்துவிடும். அதனால் செராமாக்களுக்குத் தனிக் கூண்டு. பெரியவை தீவனத் தட்டை மறித்துக்கொள்ளும் என்பதால் மூன்று இடங்களில் தட்டு வைப்போம். கலப்பில்லாத குஞ்சு வேண்டுமென்றால் அந்த ஜாதிச் சேவலையும் பெட்டைகளையும் முன்கூட்டியே பிரிக்க வேண்டும். பிரித்த பிறகும் மூன்று வாரம்வரை பழைய சேவலின் வாரிசு முட்டையில் வரும். அந்த முட்டைகளை நாங்கள் சமையலுக்குத்தான் எடுப்போம்.

சில்க்கியின் இறகு பஞ்சு மாதிரி. மழைத் தண்ணீர் அதில் வழிந்து ஓடாது, ஊறிவிடும். நனைந்த சில்க்கி குளிரிலேயே செத்துப்போகும். ஆனால் அடைகாப்பதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. ரீத்தாவுக்கு முத்து என்று ஒரு வெள்ளைச் சில்க்கி இருந்தது. எந்த ஜாதி முட்டையை வைத்தாலும் முத்து உட்கார்ந்துகொள்ளும்.

மழை

ரீத்தா ஒருநாள் ஜொகூர் பாருவிலிருந்து மூன்று கறுப்புச் சில்க்கிகளை வாங்கி வந்தாள். புதிதாக வரும் கோழியை ஒரு மாதம் தனியே வைப்பது எங்கள் வழக்கம். வேலிக்கு வெளியே, பள்ளத்தில் இருந்த குவாரண்டின் கூண்டில்தான் அவற்றை விட்டாள். மறுநாள் நானும் கணவரும் குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். மத்தியானம் அடித்த மழையில் கூண்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. நாங்கள் திரும்பியபோது மூன்றும் பெரிய கொட்டகைக்குள் மற்றவற்றோடு நின்றன. நடுங்கிச் செத்துவிடும் போலிருந்தது, வேறு வழி தோன்றவில்லை என்றாள் ரீத்தா. உடனே பிரித்தோம். ஆனால் அதற்குள் எல்லாம் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்திருந்தன. அதிலிருந்து ஆறாம் நாள்தான் நான் முதலில் சொன்ன அந்தக் காலை.

வெட்னரி ஆபீசிலிருந்து வந்த பெண் அதிகாரி, டெஸ்டுக்குச் சாம்பிள் எடுத்துப் போனார். நியூகாசில் என்ற கோழிக் கொள்ளைநோய் என்று முடிவு வந்தது. அதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டன. வேக்சின் போட்டவற்றில் சில தாங்கி நின்றன. ஆனால் தாங்கி நிற்பவை நோயைப் பரப்பக்கூடும், அக்கம்பக்கத்தில் எல்லாரும் கோழி வைத்திருக்கிறார்கள் என்று அவர் பொறுமையாக விளக்கினார். மிச்சமிருப்பதையும் அழித்து, முட்டைகளோடு சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்றார்.

முத்து அப்போது சசெக்ஸ் முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. இறகில் ஒரு குறையும் இல்லை. ரீத்தா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கோ நாளான்னைக்கோ பொரிச்சிரும் அண்ணி. உள்ள சத்தம் கேக்குது."

எனக்கும் கேட்டது. எழுந்திருக்கும்படி அவளிடம் சொன்னேன். அவள் முத்துவைத் தூக்கி அதிகாரியின் உதவியாளர் கையில் கொடுத்தாள். பிறகு முட்டைகளைத் தானே எடுத்துக்கொண்டு குழிக்குப் போனாள்.

அந்த வாரமே பெர்மாஸ் ஜெயாவிலிருக்கும் தன் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அவளைத் திட்டவில்லை. ஆனால் அவளோடு சரியாகப் பேசவும் இல்லை. வெறும் கொட்டகையைப் பிளீச் போட்டுத் தேய்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

பெர்மாஸ் ஜெயா

கொட்டகையைப் பல மாதம் காலியாகப் போட்டிருந்தோம். மறுபடி தொடங்கலாம் என்று ஆனபோது தனியாகத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. பஸ் ஏறி ரீத்தாவைப் பார்க்கப் போனேன். தேநீர் கொடுத்தாள். கோழியை விட்டு மற்றதையெல்லாம் பேசினோம். கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"என்னைய நம்பி மறுபடியும் உள்ள விடுவீங்களா?"

"அன்னிக்கு நான் வீட்ல இருந்திருந்தா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன். தண்ணி ஏறுற எடத்துல கூண்ட வெச்சது நம்ம எல்லாருந்தான். வா, ரீத்தா."

அந்தப் பயணம் முழுக்க யோசித்துப் பார்த்துத்தான் அதைச் சொன்னேன். ஆறுதலுக்காகச் சொன்னதல்ல.

அடுத்த வாரம் வந்தாள். மேட்டில், கால் வைத்து உயர்த்தி, தகரக் கூரை போட்டு இரண்டு கூண்டு கட்டினோம். ஒன்று புதிதாக வருவதற்கு. இன்னொன்று எப்போதும் காலியாகவே இருக்கும், அவசரத்துக்கு. அதில் எதையும் அடைக்க ரீத்தா விடமாட்டாள். வேக்சின் போட்ட குஞ்சுகளாக வாங்கி, ஒரு ஜாதி நிலைத்த பிறகே அடுத்த ஜாதியைச் சேர்த்தோம்.

போன மாதம் ஓர் இளம் தம்பதி சசெக்ஸ் குஞ்சு வாங்க வந்தார்கள். கையோடு, வேறு யாரிடமோ வாங்கிய ஒரு சில்க்கியையும் பெட்டியில் வைத்திருந்தார்கள். பாவம், தனியாக இருந்தால் பயந்துபோகும், குஞ்சுகளோடு சேர்த்தே வைத்துவிடுகிறோம் என்றாள் அந்தப் பெண். நான் வாயைத் திறப்பதற்குள் ரீத்தா பேசினாள். வெளி ஆளிடம் அதைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"நானும் பாவம் பாத்துத்தான்மா ஒரு தடவ உள்ள விட்டேன். இங்க இருந்த அத்தனையும் போச்சு. பாவம் பாருங்க, வேணாங்கல. வேற கூண்டுல வெச்சுப் பாருங்க."

அந்தப் பெண் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். கூண்டு எப்படிக் கட்டுவது என்று கேட்டாள். ரீத்தா அவளை மேட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.