கேஸ் ஷீட்டில் நாலு வயது அதிகம்

தைராய்டு புற்றுநோய்ப் பிரிவில் நர்சாக இருப்பவளுக்கு ஊசி போடுவதைவிட வயது கேட்பதுதான் பெரும்பாடு. ஆதார் நகலோடு ஆஸ்பத்திரிக் கவுன்டரில் கால் கடுக்க நின்றவர்களுக்கு என் கஷ்டம் புரியும். நீங்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், அவ்வளவுதான். இந்த நோயில் ஆள் ஐம்பத்தைந்துக்குக் கீழா, மேலா என்று பார்த்துத்தான் டாக்டர் நோயின் நிலையையே எழுதுவார்.

பனமரத்துப்பட்டிக்காரர்

சேலம் வந்த புதிதில் முதலில் மாட்டியவர் பனமரத்துப்பட்டி விவசாயி ஒருவர். கழுத்துக் கட்டியைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயது என்னங்கய்யா என்றேன். ஆதாரை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். உத்தேசமாகவாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். பெருந்தன்மையோடு சொன்னார்:

"எழுவதுக்கு மேல, எம்பதுக்குள்ளங்க. நடுவால எங்காச்சும் போட்டுக்கோ சாமி."

நாலாம் நம்பர்

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் பழனிச்சாமி தன் மனைவி செல்லாமணியை அழைத்து வந்தார். கழுத்தில் ஆபரேஷன் முடிந்திருந்தது. ஆனால் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. ஆதாரில் வயது ஐம்பத்தேழு. டாக்டர் கோப்பில் நாலாம் நிலை என்று எழுதினார்.

அந்த எண்ணைப் பழனிச்சாமி பார்த்துவிட்டார். மதியம் வாங்கி வந்த சாப்பாட்டுப் பொட்டலத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு, தான் தொடாமல் என்னிடம் வந்து நின்றார். மெதுவாகக் கேட்டார்:

"ஏனுங் சிஸ்டர், நாலுக்கு மேல நம்பர் இருக்குதுங்களா?"

நாலுதான் கடைசி. முதலில் நீங்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று அவரைக் கேன்டீனுக்கு அனுப்பினேன்.

கல்யாணக் கணக்கு

மறுநாள் கதிரியக்க அயோடின் மருந்து கொடுப்பதற்கு முன் செல்லாமணியிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். மூத்த மகனுக்கு முப்பத்தேழு வயது. அவன் பிறந்தபோது உங்களுக்கு என்ன வயது என்றேன். பதினாறு என்றார் யோசிக்காமல். விரல் விட்டு எண்ணினேன். ஐம்பத்துமூன்றுதான் வந்தது. மறுபடியும் எண்ணினேன். அதேதான்.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. பதினைந்து வயதில் கல்யாணம். யாராவது கேட்டால் தப்பாகிவிடும் என்று, அவர் அப்பா காகிதத்தில் நாலு வயதைக் கூட்டிப் பத்தொன்பது ஆக்கிவிட்டார். ரேஷன் கார்டு, ஓட்டர் கார்டு, ஆதார் எல்லாம் அதன் வழியே போய்விட்டன. மாற்றிச் சொன்னால் காப்பீட்டு அட்டை செல்லாது என்று புருஷனுக்கும் பயம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உயிர் போகிற இடத்திலா இதை மறைப்பது என்று சத்தம் போட்டுவிட்டேன். செல்லாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"செத்துப்போன எங்கப்பனைக் காட்டிக் குடுக்கறாப்பல ஆயிருமேன்னுதான் சாமி."

அடித்து எழுதியது

கோபப்பட்டதற்கு இன்னமும் வெட்கப்படுகிறேன். மகன் ஓடிப்போய் அம்மா படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டு நகலை வாங்கி வந்தான். ஐம்பத்துமூன்றேதான். டாக்டர் நாலை அடித்து இரண்டு என்று எழுதினார். பழனிச்சாமி முகம் மலர்வதைப் பார்த்ததும் டாக்டரே உடனே பிரேக்கும் போட்டார்:

"ஐம்பத்தஞ்சுங்கறது நாங்க போட்ட கோடுங்க, நோய்க்கு அது தெரியாது. நுரையீரல்ல இருக்கறது இருக்கறபடியேதான் இருக்கு. ஆனா வயசு குறைவா இருந்தா மருந்தை நல்லா வாங்கிக்கற வாய்ப்பு அதிகம்."

மிச்ச வருஷங்கள்

மருந்து அதேதான், அளவும் அதேதான். செல்லாமணி அதைக் குடித்துவிட்டுத் தனியறையில் மூன்று நாள் இருந்தார். ஸ்கேன் எடுத்தபோது நுரையீரல் புள்ளிகள் எல்லாம் மருந்தை இழுத்துப் பிடித்திருந்தன; பிடித்துக்கொண்ட புள்ளியைத்தான் மருந்து அழிக்கும். எனக்கே கை தட்டத் தோன்றியது. அடுத்த வருஷப் பரிசோதனையில் பாதிப் புள்ளிகள் காணவில்லை, மீதியும் சிறுத்திருந்தன. முழுக்கப் போய்விட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து வாங்க என்றார். எங்கள் வார்டில் அது நல்ல சேதி. செல்லாமணி புருஷனைக் காட்டிச் சிரித்தார்:

"நாலு வருசம் மிச்சம் கெடைச்சிருக்குதாமா, இன்னொரு தறி போடலாங்கறாருங்க. ஓட்டறது நானாமா!"

பெண்களிடம் வயதைக் கேட்கக் கூடாது என்று யார் சொன்னார்களோ தெரியாது, அவர்கள் எங்கள் வார்டுப் பக்கம் வந்தவர்கள் இல்லை.