சேஃப்டி அண்ணனின் பச்சை டப்பா

"கையக் காட்டுங்க" என்பார் சேஃப்டி அண்ணன். வெல்டர் இரண்டு கைகளையும் நீட்டி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டுவார். நகக்கண்ணில் கரி. "போய்க் கழுவிட்டு வாங்க." ரசாயன டப்பாக்களோடு வரும் பாதுகாப்புத் தாள்களுக்கு அண்ணன் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார், அழுக்குக் கை பட்டால் அவற்றுக்கு ஆபத்தாம். வெல்டருக்கு என்ன ஆபத்து என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எங்களுடையது பொதுப் பட்டறை. ஒரே கூரைக்குக் கீழே வெல்டர், பெயிண்டர், புத்தகம் பைண்டு செய்கிற நான் என்று ஆளுக்கொரு மேசை. அண்ணன் மரச்சாமான் பாலிஷ்காரர். அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, பக்கத்து மேசையில் நாற்காலிகளுக்கு மெத்தை தைக்கிறார். ரசாயனங்களுக்குப் பொறுப்பாக ஒருவர் வேண்டும் என்று பேச்சு வந்தபோது நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். அண்ணன் தொண்டையைச் செருமினார். தேர்தல் முடிந்தது.

தின்னரோ பசையோ வார்னிஷோ, எதை வாங்கினாலும் கடைக்காரரைப் பாடாய்ப் படுத்துவார். "சாமான் கெடக்கட்டும், தாளை முதல்ல எடுங்க." எது கண்ணை எரிக்கும், எதற்கு எந்தக் கையுறை, மேலே பட்டால் என்ன செய்வது, எல்லாம் அதில் இருக்கும். காலையில் வணக்கம் சொன்னால்கூட, "டப்பால பேரைப் பாரு, தாளைப் படி, அப்புறம் தொடு" என்றுதான் பதில் வரும். நாங்கள் பக்தியோடு தலையாட்டிவிட்டு வழக்கம்போல் தொட்டுவிடுவோம். அவர் சொன்னதை அப்படியே கேட்டவர் அண்ணி ஒருத்தர்தான். பாவம், கட்டிக்கொண்டவர்.

அண்ணனிடம் இன்னொரு குணமும் உண்டு. நல்ல டப்பாவைத் தூக்கிப்போட மனசு வராது. சோப்புக் கிளீனர் ஒன்று பச்சைத் தகர டப்பாவில் வந்தது. கச்சிதமான மூக்கு, ஒரு சொட்டு சிந்தாது. கிளீனர் தீர்ந்ததும், நசுங்கிய டின்னில் ஒழுகிக்கொண்டிருந்த பெயிண்ட் ரிமூவரை அதில் ஊற்றினார். துடைத்து, பழைய பெயர் நன்றாகத் தெரியும்படி அலமாரியில் வைத்தார். எதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமே! தெரியும்தான். அவருக்கு மட்டும்.

நேற்று அவர் வெளியே சாமான் இறக்கிக்கொண்டிருந்தார். நாற்காலிக் கைப்பிடியில் கறை. அண்ணி பச்சை டப்பாவை எடுத்துப் பெயரைப் பார்த்தார். கை கழுவினார். தாளைப் படித்தார். மெல்லிய கையுறை போதும் என்றிருந்தது, மாட்டிக்கொண்டார். துணியில் தாராளமாக ஊற்றித் தேய்த்தார். வாசனை ஒரு மாதிரி இருந்திருக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட தாளை விட்டுவிட்டு மூக்கையா நம்புவார்?

"ஐயோ, எரியுதே!"

நான் தாளைப் பிடுங்கி உரக்கப் படித்தேன்: லேசான எரிச்சல் வரலாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெயிண்டர் ஈரத்துணியைத் தேடி ஓடினார். எங்கள் வாழ்நாளில் முதல்முறையாக நாங்கள் ஒழுங்காக நடந்துகொண்ட நேரம் அது. அதற்குள் கையுறை கூழாகி விரல்களில் ஒட்டிவிட்டது. வலது கை. ஊசி பிடிக்கிற கை.

சத்தம் கேட்டு ஓடிவந்த அண்ணன் பச்சை டப்பாவைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. தாள் பக்கம் திரும்பவே இல்லை. கையுறையை உரித்தெறிந்து, அண்ணியின் கையைக் குழாயடியில் பிடித்து, தண்ணீரை முழுசாகத் திறந்துவிட்டார்.

"தாள்ல துடைச்சா போதும்னு போட்டிருக்கேங்க?" என்றார் அண்ணி.

அண்ணன் பெயிண்டரைக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். என்ன பட்டது என்று அங்கே கேட்டிருக்க வேண்டும். பட்டறையே அதிரப் பேசுகிற மனிதர், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனுக்குள் ஏதோ முனகினார். சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடி முனகினார்.

அண்ணி குழாயடியிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "சத்தமாச் சொல்லுங்க. என் கையில என்ன பட்டுச்சுன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

அண்ணன் திரும்பினார். ஸ்பீக்கரைப் போட்டு, எங்கள் எல்லோருக்கும் நடுவில் போனை மேசைமேல் வைத்தார்.