"பாஸ்ட் அவுட்" என்றால் என்ன, சேர்?

ஸுல்பிகாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கேள்விதான் கேட்பாள். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் பாலம் தாண்டி வந்து, ஓர்ஸ் ஹில்லில் உள்ள ஒரு தனியார் தாதியர் கல்லூரியில் ஐந்து வருடமாக இங்கிலீஷ் படிப்பிக்கிறாள். "மிஸ் ஏசினாலும் தாங்கலாம், கேள்வி கேட்டால்தான் ஏலாது" என்பார்கள் பிள்ளைகள்.

அவள் வகுப்பில் புத்தகம் மூடிக் கிடக்கும், சுவரில் படம் ஓடும். ஆஸ்பத்திரிக் காட்சிகளாகத் தேடி வெட்டி வைத்திருக்கிறாள். முதலில் திரையை மறைத்துச் சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும். பிறகு படத்தோடு பார்த்து, அதையே நடித்து போனில் எடுக்க வேண்டும். பொழுதுபோக்குக்கா இத்தனை பாடு? சுனாமி வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. இங்கிலீஷில் முதலாம் பிள்ளையாம் என்று, முகாமுக்கு வந்த வெளிநாட்டு டொக்டர் அவளை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார். அவர் கதைத்த வேகத்தில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அடிபட்ட உம்மா நோவில் முனகிக்கொண்டு கிடக்க, இவள் மரம் மாதிரி நின்றாள். இலக்கணமெல்லாம் தலைக்குள் இருந்தது, காதுதான் பழகவில்லை. அந்த வெட்கம் இன்னும் அவளைச் சுடுகிறது.

போன வியாழக்கிழமை, மறைத்த திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தாதி கத்தினாள்: "ஹீ பாஸ்ட் அவுட்!"

கப்பல்துறையிலிருந்து வரும் நிரோஜினி துள்ளி எழும்பினாள். "மிஸ், அவர் படிச்சு முடிச்சிட்டார்!"

அவளில் என்ன பிழை? கல்லூரி வாசலில் போன வருடப் பட்டமளிப்புக்குக் கட்டிய பதாகை, "பாஸிங் அவுட்" என்று இன்னும் தொங்குகிறதே! திரையை விலக்கினால், படித்து முடித்தவர் வாயைத் திறந்தபடி நிலத்தில் மயங்கிக் கிடக்கிறார். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, நிரோஜினியும்தான்.

சிரிப்புச் சத்தத்துக்கு நிர்வாகி ஜெயகாந்தன் ஓடி வந்தார். "இது கொலிஜ்ஜோ, தியேட்டரோ?" புரொஜெக்டரைக் கழற்றி அலுமாரியில் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். அடுத்த நாள் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். இனிப் படம் இல்லை, புத்தகம் மட்டும். சம்மதமென்றால் கையெழுத்து, இல்லையென்றால் வேலை இல்லை.

வாசலில் பிள்ளைகள் கூடி நின்றார்கள். ஸுல்பிகாவுக்கு வேலை போய்விடும் என்ற பயம் இல்லாமலில்லை. ஆனால் கையெழுத்து வைத்தால், நாளைக்கு இந்தப் பிள்ளைகளும் யாரோ ஒருவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் மரமாக நிற்கும். விடுவாளா?

"வைக்கிறன் சேர். அதுக்கு முதல் ஒரு கேள்வி."

"கேளுங்கோ."

"வார்ட்டில இருந்து போன் கோல் வருது. பேஷன்ட் பாஸ்ட் அவுட் எண்டு சொல்லினம். என்ன செய்யோணும்?"

"இதென்ன பெரிய கேள்வி? ஆள் வெளியில போறார் எண்டால், டிஸ்சார்ஜ் துண்டை வெட்டி வீட்ட அனுப்பவேண்டியதுதானே!"

வாசலில் ஒரே கொல்லென்ற சிரிப்பு. நிரோஜினி மட்டும் சிரிக்கவில்லை.

"ஐயோ சேர், அனுப்பிப்போடாதேங்கோ! அந்த ஆள் மயங்கிக் கிடக்கிறார். முதல்ல மூச்சு இருக்கோ எண்டு பாக்கோணும்!"

ஜெயகாந்தனின் காது சிவந்தது. கடிதத்தைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், ஸுல்பிகாவைப் பார்க்கவில்லை.

"இவளும் நேற்றுப் பிழைதான் சொன்னவள், சேர்," என்றாள் ஸுல்பிகா. "ஒருக்காப் படத்தில பாத்தவள், இனிச் செத்தாலும் மறக்கமாட்டாள். உங்கட புத்தகத்தில இது எத்தினையாம் பக்கத்தில இருக்கு?"

கையெழுத்து வைக்காத கடிதத்தை மேசையில் அவர் பக்கம் தள்ளிவிட்டு, அவள் கையை நீட்டினாள்.

"சாவியைத் தாங்கோ."

அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

"திங்கட்கிழமை நீங்களும் வாங்கோ, சேர்," என்றாள் சாவியை வாங்கிக்கொண்டு. "முன்னுக்கு ஒரு கதிரை போட்டு வைக்கிறன்."