வக்கீல் வீட்டுக் காட்டுக்கோழி

நண்பர் ஒருவரின் புத்தகத்திலிருந்து ஒரு படத்தைத் திருடினேன். பழி இன்னொருவர் மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை.

போன மாதம் தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு உறவினரைப் பார்க்கப் போனேன். கை கழுவும் இடத்துக்கு மேலே, சட்டம் போட்ட கண்ணாடிக்குள் அந்தப் படமே நின்றது. சாம்பல் நிறக் காட்டுக்கோழிச் சேவல். கழுத்து இறகுகளில் மெழுகு சொட்டியதுபோல் மஞ்சள் புள்ளிகள். இடது ஓரம் பிசிறாக இருந்தது. அந்தப் பிசிறு என் கைவேலை. அந்த நண்பர் ஒரு வக்கீல்; அவருடைய பேரன்கள் புத்தகங்கள் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நல்ல காரியம்.

முப்பதுகளின் கடைசியில், சீமைக்குத் திரும்பும் தோட்டத் துரைகள் வேட்டை, மீன்பிடி பற்றிய படப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக விட்டுப் போவார்கள். கவுதாரி சுட நாயைப் பழக்குவது, ஆற்று மீனுக்கு இறகால் தூண்டில் கட்டுவது என்று முந்நூறு பக்கம் எழுதியவனும் சரி, பக்கத்தைக்கூடப் பிரிக்காமல் அடுக்கி வைத்தவனும் சரி, வெட்டிப் பயல்கள். அவற்றைப் பொறுக்கிச் சேர்த்த நாங்கள் அதைவிடக் கேவலம். கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் வக்கீல் அனந்தராமய்யர், கரமனையில் நான். வெங்காயம்கூட வாசல் தாண்டாத வீடுகள். அங்கே உட்கார்ந்து, சுட்டு வீழ்த்திய பறவைகளைப் பார்த்து, "வர்ணம் எப்படி ஏறியிருக்கு, பாத்தேளா?" என்று உருகுவோம்.

பெட்டிகளைக் கண்டுபிடித்துத் தந்தவர் தேவதாசன். மலைமேல் போனக்காட்டுத் தேயிலைத் தோட்ட ஆபீசில் கிளார்க். தெற்கேயிருந்து வந்த கிறிஸ்தவர். எங்கள் மூவரில் துப்பாக்கி தொட்டவர் அவர் மட்டும்தான். மாதம் ஒரு சனிக்கிழமை மலையிறங்கி, விதுராவிலிருந்து பஸ் பிடித்து வருவார். வக்கீல் வீட்டில் எங்களுக்கு வெள்ளித் தம்ளர். அவருக்குத் தனியாக ஒரு கண்ணாடித் தம்ளர்.

"உனக்கு ஒரு புஸ்தகம் வேண்டாமா, தேவதாசா?" என்பார் வக்கீல்.

"படத்தைப் பொரிச்சுத் திங்க முடியுமா, சாரே? நமக்குக் கோழி காட்டுலல்லா கெடக்கு."

ஒரே பறவைப் புத்தகம் வக்கீலிடமும் என்னிடமும் இருந்தது; என் பிரதியில் காட்டுக்கோழிப் படம் மட்டும் இல்லை. வக்கீலின் பிரதியை இரவல் வாங்கினேன். ஆவணி அவிட்டத்துக்குக் கழற்றிய பழைய பூணூலில் ஓர் இழையை நனைத்து, தையலோரமாக வைத்துப் புத்தகத்தை மூடினேன். விடிந்ததும், ஓரம் ஊறிய தாள் சத்தமில்லாமல் கழன்று வந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் தேவதாசன் அதைப் புது துரைக்குக் காட்ட வாங்கிப் போனார். அது திரும்பி வந்த பிறகுதான் வக்கீல் பிரித்துப் பார்த்தார்.

"திங்கறவன் புத்தி பின்னே எங்கே போகும்?" என்றார்.

நான் தலையாட்டினேன். வக்கீல் தோட்ட மானேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னார். தேவதாசனுக்கு வேலை போயிற்று.

யாருக்கும் காட்ட முடியாத அந்தப் படத்தை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். ரசிகன் என்று எனக்குப் பெயர் வேறு. ஒருநாள் சாலைக் கடைத்தெருவில், ஒரு கடையில் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்த தேவதாசனைப் பார்த்தேன். படத்தை எடுத்தது நான்தான் என்று அங்கேயே நின்று சொல்லிவிட்டேன்.

"என்கிட்ட சொல்லி என்னத்துக்கு? அவருகிட்டல்லா சொல்லணும். வாரும்."

போனோம். வழியில் என் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்ட படத்தை வக்கீல் முன் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"தெரியும் ஓய். பூணூல் இழை உள்ளேயே ஒட்டிண்டு கெடந்தது. இவன் பூணூலா போட்டுண்டிருக்கான்?"

"பின்னே ஏன் அப்படிச் சொன்னேள்?"

"நம்மவா பேரு கெடப்படாதோல்லியோ."

தேவதாசன் பக்கத்தில்தான் நின்றார். உள்ளேயிருந்து காபி வந்தது: எங்களுக்கு வெள்ளி, அவருக்குக் கண்ணாடி. அவர் அதைத் தொடவில்லை.

"கோழி கிடைச்சாச்சுல்லா சாரே. ஒட்டி வச்சுக்கிடும்" என்று சொல்லிப் படியிறங்கினார்.

வக்கீல் அன்றைக்கே பசை காய்ச்சச் சொன்னார். மானேஜரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றதற்கு, "இப்போ சொன்னா என்னை என்ன நினைப்பான்?" என்றார். நான் என் காபியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மறுவாரம் மிளகாய்க் கடைக்குப் போனேன். தேவதாசன் கணக்குத் தீர்த்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அத்தனை சனிக்கிழமைகளில் நானும் கேட்டதில்லை.